நரம்பிசைக் கருவி வளர்த்த ஒரு குடும்பம்



பிடில் என்றவுடன் இத்தாலி நாட்டுக் கிரிமோனா நகரும், ஸ்ட்ராடிவேரியஸ் என்னும் பெருங் கைவினைஞரின் பெயரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஏந்திப் பயின்ற பிடில்களுள் பெரும்பகுதி பிறந்த இடம் வேறு. பொஹீமியாவின் மேற்கு மூலையிலும், அதனை அடுத்த ஜெர்மனியின் ஸாக்ஸனியிலும் உள்ள சிற்றூர்களே அவை. அவற்றுள் ஒன்றாகிய ஷென்பாக்கில் தோன்றிய ஒரு வணிகக் குடும்பத்தின் வரலாற்றை இன்று காண்போம்.

பொஹீமியாவிலிருந்து சமயத்தின் பொருட்டு வெளியேறி ஸாக்ஸனியில் குடியேறிய பிடில் கைவினைஞர்கள், 1677-இல் மார்க்நாய்கிர்ஹென் என்னும் ஊரில் ஒரு தொழிற்சங்கம் கண்டனர். எல்லைக்கு இப்பால் ஷென்பாக்கிலும் அத்தொழில் வேரூன்றியது. அங்கே ஒருவரே கருவி முழுவதையும் செய்வது அரிது. ஒரு வீட்டார் கழுத்துப் பகுதியைச் செதுக்குவர். மற்றொரு வீட்டார் ஸ்புரூஸ் மரத்தில் மேற்பலகை இழைப்பர். வேறொருவர் மேபிள் மரத்தில் பின்பலகை செய்வர். இவற்றை வாங்கித் தொகுத்து அயல்நாடுகளுக்கு அனுப்பியவர் வணிகர். இதனால் கருவியின் விலை குறைந்தது. எளிய மாணவனுக்கும் பிடில் எட்டியது. ஆனால், வீட்டில் அமர்ந்து உழைத்தவருக்குக் கிடைத்த கூலியோ சிறிது.

இவ்வூரில் 1887-இல் கார்ல் ஹெஃப்னர் என்பவர் தம் பட்டறையைத் தொடங்கினார். முதல் உலகப் போருக்குப்பின் அவருடைய மைந்தர்களாகிய ஜோசப்பும் வால்ட்டரும் தந்தையுடன் சேர்ந்து, ஏற்றுமதியைப் பெருக்கினர். 1918-இல் செக்கோஸ்லோவாக்கியா என்னும் புதிய நாடு பிறந்திருந்தது. இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் வேண்டும் என்பது 1890-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டம். ஆதலின், அக்காலத்துப் பிடில்களின் உட்புறச் சீட்டில் ஸ்ட்ராடிவேரியஸ் பெயரும், அதன் கீழே செக்கோஸ்லோவாக்கியாவின் பெயரும் ஒருங்கே காணப்படுவதுண்டு. முதற்பெயர் எந்த மாதிரியைப் பின்பற்றியது என்பதைக் குறிக்கும். இரண்டாவதே பிறந்த இடத்தைக் கூறும். சீட்டைக் கண்டு மயங்குவோர் இன்றும் உளர்!

ஷென்பாக் மக்களுள் பெரும்பாலோர் ஜெர்மன் மொழியினர். 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி அப்பகுதியைக் கவர்ந்தது. பின்னர் செக் நாடு முழுவதையும் அடிமைப்படுத்தியது. போர் முடிந்தபின் அதன் எதிர்விளைவு வந்தது. சுமார் 30 இலட்சம் ஜெர்மானியர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். குற்றம் செய்தவரோடு செய்யாதவரும் ஊர் இழந்தனர். ஹெஃப்னர் குடும்பமும் பட்டறையையும் வீட்டையும் விட்டு நீங்கியது.

இவ்வாறு சிதறியவர்களுக்கு பவேரியாவிலுள்ள பூபன்ராய்த் என்னும் சிற்றூர் 1949-இல் இடமளிக்க முன்வந்தது. அப்போது அங்கே வாழ்ந்தோர் சில நூறு பேரே. தம்மினும் பன்மடங்கான அகதிகளை ஏற்ற அவ்வூராரின் துணிவு எளிதானதன்று. ஹெஃப்னர் குடும்பமும் அங்கே தொழிற்சாலை எழுப்பியது. 1956-இல் வால்ட்டர் ஹெஃப்னர், பிடில் வடிவிலேயே மின்விசையால் ஒலிக்கும் பேஸ் கிட்டார் ஒன்றை வெளியிட்டார். 1961-இல் ஹாம்பர்க் நகரில் பால் மெக்கார்ட்னி என்னும் இளைஞர் அதில் ஒன்றை வாங்கினார். பீட்டில்ஸ் குழுவின் புகழோடு அக்கருவியின் புகழும் பரவியது. நெடுங்காலம் குடும்பச் சொத்தாயிருந்த நிறுவனம் 1994-இல் பிறர் கைக்கு மாறிற்று.

பழைய ஊர் என்னவாயிற்று? லூபி என்னும் பெயருடன் செக் மக்கள் அங்கே வாழ்கின்றனர். போருக்குப்பின் அரசுடைமையான ‘கிரிமோனா’ நிறுவனம் அங்கே தொழிலைத் தொடர்ந்தது. ஒரே கலை, எல்லையின் இருபுறமும் வாழ்ந்தது.

மாணவர்களே! வீட்டையும் உளியையும் பிறர் பறிக்கலாம். கை கற்ற தொழிலைப் பறித்தல் இயலாது. ஆயினும், தொழில் மட்டும் அவர்களை வாழ்விக்கவில்லை. இடங்கொடுத்த ஓர் ஊரும் வேண்டியிருந்தது. கற்பது நம் கடமை; கற்றவன் புகலின்றி வரும்போது கதவைத் திறப்பதும் நம் கடமையே.