ஊருக்குப் போகும் வண்டி

தில்லியின் கரோல்பாகிலும், மும்பையின் மாதுங்காவிலும், ஜாம்ஷெட்பூர், பிலாய் முதலிய ஆலை நகரங்களிலும் குடியேறி வாழ்கின்ற நமக்கு ஆண்டுதோறும் தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு. இம்முறை ஊருக்கு எந்த வண்டியில் போவது? பொங்கலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டும். அல்லது தங்கை வீட்டுக் கல்யாணம். அல்லது வயதான தாயாரைக் கண்டு வரவேண்டும். விடுமுறையோ பத்து நாள்தான். அதில் நான்கு நாட்களை ரயிலே எடுத்துக்கொள்கிறது. ஆகவே டிக்கெட் கிடைக்காமற் போவதென்பது நமக்கு அற்பமான சங்கடமன்று.

முன்பதிவுக்குரிய காலம் முன்னர் 120 நாட்களாக இருந்தது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பிரயாண நாள் இந்தக் கணக்கில் சேராது. ஜனவரி 12ஆம் தேதி தில்லியில் வண்டி ஏற விரும்புவோருக்கு நவம்பர் 13 காலை 8 மணிக்கே பதிவு தொடங்கிவிடும். சில ஆண்டுகளில் தீபாவளிப் பலகாரம் தீருமுன்பே பொங்கல் டிக்கெட்டுக்கு உட்காரவேண்டியதுதான்! நாம் விரும்பும் வண்டி அன்று உண்டா என்பதையும் பார்த்துக்கொள்வது அவசியம். நிஜாமுதீனிலிருந்து கன்னியாகுமரி செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரை செல்லும் சம்பர்க் கிராந்தி ஆகியவை தினசரி வண்டிகள் அல்ல.

தேதியைக் குறித்தும் ஒரு வார்த்தை. நள்ளிரவு கடந்து 00.20க்கு வரும் வண்டி நம் மனத்தில் 14ஆம் தேதி இரவு வண்டியே. ரயில்வேயின் கணக்கில் அது 15ஆம் தேதி வண்டி. 15ஆம் தேதி இரவு மூட்டை முடிச்சுடன் நிலையத்துக்கு வருபவர், வண்டி போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிட்டதை அங்கே அறிவார். (1906இல் இந்தியப் பொது நேரம் ஏற்படும்வரை நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் சென்னை நேரப்படியே ஓடின என்பதை இவ்விடத்தில் சற்றுப் பெருமையுடன் நினைத்துக்கொள்ளலாம்.)

இனி, காத்திருப்புப் பட்டியல். நம்மிற் பலர் எண்ணை மட்டும் நோக்குகிறோம். பட்டியலின் வகையை நோக்குவதில்லை. வண்டி புறப்படும் நிலையத்துக்கு உரியது பொதுப் பட்டியல். வழியிலுள்ள முக்கிய நிலையங்கள் சிலவற்றுக்குத் தனியாகச் சில இடங்கள் ஒதுக்கப்பட்டு, அவற்றுக்கெனத் தனிப் பட்டியலும் இருக்கும். குறுகிய தூரப் பிரயாணிகளுக்குப் பல சிறு நிலையங்களைச் சேர்த்துப் பிறிதொரு பட்டியல் உண்டு. ஒதுக்கிய இடங்கள் சொற்பமாகையால் ரத்தாகும் டிக்கெட்டுகளும் அவற்றிற் சொற்பமே. எனவே பொதுப் பட்டியலில் நாற்பதாம் எண் உறுதியாகிவிட, வழி நிலையப் பட்டியலில் பத்தாம் எண் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. போபாலில் ஏறவேண்டியவர், புதுதில்லியிலிருந்தே டிக்கெட் வாங்கி, ஏறும் நிலையம் போபால் என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் தில்லியிலிருந்தே கொடுக்கவேண்டும், அதிகம்தான். ஆனாலும் கல்யாணத்துக்குப் போய்ச் சேருகிறோம். ஏறும் நிலையத்தைக் குறிப்பிட மறந்தால், ஆள் வரவில்லை என்று நம் படுக்கை வேறொருவருக்குப் போய்விடக்கூடும்.

முதியோர் விஷயம் இதைவிடக் கவனத்துக்குரியது. அறுபது வயது கடந்த ஆண்களுக்கும், நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கென ஓர் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தனியாகவோ, அத்தகைய இருவர் மட்டும் சேர்ந்தோ ஒரே டிக்கெட்டில் செல்லும்போதுதான் அது பொருந்தும். அன்பின் மிகுதியால் குடும்பத்தார் அறுவரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால், தாத்தாவுக்கு மேற்படுக்கை வாய்க்கக்கூடும். முழங்கால் வலியுடன் அவர் அதில் ஏறுவது எங்ஙனம்? பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுப்பதே நன்று.

திட்டமிட அவகாசமின்றிப் புறப்பட நேரும் பிரயாணமும் உண்டு. இரவு பத்து மணிக்கு ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. அப்போது உதவுவது தத்கல். குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும், பிரயாணத்துக்கு முந்திய நாள் அது திறக்கும். முந்திய நாள் என்பது வண்டி தன் முதல் நிலையத்தை விட்டுப் புறப்படும் நாளுக்கு முந்திய நாள். 5ஆம் தேதி புறப்பட்ட வண்டியில் நாம் 6ஆம் தேதி வழியில் ஏறுவதாயின், 4ஆம் தேதியே பதிவு செய்தல் வேண்டும். 2025 ஜூலை முதல் இணையவழித் தத்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டது. அந்தத் துயர இரவில் அதைத் தேடிக்கொண்டிராமல், இன்றே முடித்து வைத்திருக்கலாம்.

சென்னையுடன் நம்மிற் பலருக்குப் பிரயாணம் முடிவதில்லை. வடக்கிலிருந்து வருவோர் பெரும்பாலும் சென்டிரலில் இறங்குகிறோம். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் எழும்பூரையோ தாம்பரத்தையோ நாடவேண்டியிருக்கிறது. எழும்பூர் மெட்ரோவில் அடுத்த நிலையமே. எனினும் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடி வரும் வண்டி நேரத்துக்கு வரும் என்று நம்பி ஒரு மணி இடைவெளியில் அடுத்த டிக்கெட் வாங்குவது துணிச்சல். நான்கைந்து மணியாவது விடுவோம். தொடர் பிரயாணமாக ஒரே நிலையத்தில் வண்டி மாறுவோர் இரு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களையும் இணைத்துக்கொள்ள 2019 ஏப்ரல் முதல் வசதி உண்டு. முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், அதன் கட்டணத்தைத் திரும்பக் கோரலாம். பிரயாணிகளின் பெயர், வயது முதலிய விவரங்கள் இரண்டு டிக்கெட்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும்.