என் அண்ணன் வரைந்த எழுத்துகள்

(சிங்கப்பூர், தேக்காவில் நடைபெற்ற முதலாண்டு நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசிப் பழகிய வாய் இது. சொந்த அண்ணனைப் பற்றிப் பேசு என்றால் தடுமாறுகிறது. பொறுத்துக் கொள்ளுங்கள்.

அண்ணன் பிழைப்புக்குச் செய்த தொழிலுக்கு இவ்வூரில் கிராபிக் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். எங்கள் லயத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. "சிங்கப்பூரில் கார்டு அடிக்கிறான்" என்பார்கள். அதுவும் பொய்யல்ல. கல்யாணப் பத்திரிகை, சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியல், நகைக்கடையின் தீபாவளித் தள்ளுபடி, கண்ணீர் அஞ்சலி என்று சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் பதினாறு ஆண்டுகள் வரைந்தார். இந்தச் சாலையில் நடக்கிற நீங்கள் அவர் வேலையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவர் பெயரை ஒரு தாளிலும் பார்த்திருக்கவும் முடியாது. அந்தத் தொழிலில் பெயர் போடும் வழக்கமில்லை. ரப்பர் ஷீட்டில் எந்தப் பால்வெட்டுக்காரர் பெயர் எழுதியிருக்கிறது?

அம்மா பால்வெட்டியவர். அப்பாவை நாங்கள் சிறு வயதிலேயே இழந்துவிட்டோம். பள்ளி விடுமுறையில் அண்ணன் அம்மாவோடு நிரைக்குப் போய் மங்கு துடைப்பார். மரங்களுக்கு வெள்ளைச் சாயத்தில் எண் போடும் வேலை வந்தபோது தண்டல் அவரிடம் தூரிகையைக் கொடுத்தார். பன்னிரண்டு வயதுப் பையன் போட்ட அந்த எண்களை அடுத்த நிரைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்களாம். அதன் பிறகு கோயில் திருவிழாவானாலும், சங்கத்தின் மே தினமானாலும், துணியில் எழுத அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா மட்டும், "எழுத்து எழுதி எவன்டா சோறு போடுவான்?" என்பார். பிறகு அந்த எழுத்துதான் என்னைப் படிக்க வைத்தது. நான் கிராணி நாற்காலியில் உட்கார்ந்தது அண்ணன் பணத்தில்.

விடியற்காலை நாலு மணிக்கு அம்மா பெரட்டுக்குக் கிளம்புவார். அதே நேரத்தில் அண்ணன் மோட்டார் சைக்கிளை உதைப்பார். கூலாய்ப் பக்கத்திலிருந்து பாலத்தைத் தாண்டி இங்கே வர வேண்டும். மழையானாலும் அந்தப் பெரும் கூட்டத்தில் ஊர்ந்துதான் வர வேண்டும். இரவு ஒன்பதுக்கு முன் வீடு திரும்பிய நாள் குறைவு.

அவர் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. நமக்குச் சொந்தமான ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோமே, 'செங்கொடி'. கணினியில் தட்டும்போது முதலில் சகரம், பிறகுதான் கொம்பு. ஆனால் தாளில் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். தமிழ் அறியாத மென்பொருளாக இருந்தால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். 'கொ'வில் ககரத்துக்கு இரு பக்கமும் நிற்க வேண்டிய கொம்பும் காலும் ஒரே பக்கமாக ஒதுங்கிப் போகும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது அழகாகத்தான் இருக்கும். இந்நாட்டில் ஆட்சிமொழிகள் நான்கு, தமிழும் அதிலொன்று. அப்படியிருந்தும் 2017ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்புக்காக அச்சிட்ட தாளில் தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து வந்து, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அன்றிரவு அண்ணன் சாப்பிடவில்லை. அவர் செய்த வேலையல்ல அது. ஆனாலும் சாப்பிடவில்லை.

இவ்வளவுக்கும் தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்ததில் நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரும் பங்குண்டு. 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 1995இல் இணையத்தில் தமிழை ஏற்றிய நா. கோவிந்தசாமி இந்தச் சிங்கப்பூர்க்காரர்; 1999இல் மறைந்தார். அண்ணன் இவ்விருவரையும் பற்றி, மற்றவர்கள் சினிமா நடிகர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

ஒரு முதலாளி, "தமிழை எத்தனை பேர் படிக்கப் போகிறான், விடு" என்று சொன்னதுண்டு. அண்ணன் விடமாட்டார். கடை மூடிய பிறகு உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். அதற்கு ஓவர்டைம் கிடையாது. இது சரியா என்று சங்கக்காரனாக நான் சண்டை போட்டேன். "அம்மா பட்டையைச் சீவும்போது மரத்தில் காயம் படாமல் சீவுகிறாளே, அதற்குத் தனிச் சம்பளமா கொடுக்கிறார்கள்?" என்றார். அந்த வாதத்தை நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. கொடுக்கத்தான் வேண்டும்.

2020 மார்ச் 18ஆம் நாள் எல்லை அடைபட்டது. வேலை போய்விடுமே என்று அண்ணன் இங்கே ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கிவிட்டார். மே மாதம் அம்மா இறந்தார். அண்ணன் வந்தால் பதினான்கு நாள் தனிமை; அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலம் அது. அன்று அதற்கு அக்கரை என்பது வேறு உலகம்.

அன்றிரவு அவர் அம்மாவின் கண்ணீர் அஞ்சலியை வரைந்து என் கைப்பேசிக்கு அனுப்பினார். அரை மணி கழித்து வேறொன்று. பிறகு இன்னொன்று. ஆக நான்கு முறை. ஒன்றில் எழுத்தின் இடைவெளியைத் திருத்தியிருந்தார்; ஒன்றில் அம்மாவின் படத்தைச் சற்று மேலே ஏற்றியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. "எழவு வீட்டில் யாருண்ணே இடைவெளி பார்க்கப் போறாங்க?" என்று கத்திவிட்டேன். "வர முடியாதவன் வேற என்னடா செய்யட்டும்?" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

2022 ஏப்ரலில் எல்லை திறந்ததும் வந்தார். அடுத்த மாதம் முதல் நாள் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாக உயரவிருந்தது. நான் சட்ட விதிகளையெல்லாம் சேர்த்து ஒரு பக்க அறிக்கை எழுதி வைத்திருந்தேன். படித்துப் பார்த்தார். "இத யார் படிப்பாங்க தம்பி? எங்க நின்னு படிப்பாங்க? எத்தன மணிக்கு?" என்று மூன்று கேள்வி கேட்டார். பெரட்டுக் களத்தில், இருட்டில், கண்ணாடி போடாத கண்ணோடு, என்றேன். முக்கால்வாசியை அடித்துவிட்டார். 1,500 என்ற எண்ணைக் கையகலத்துக்குப் போட்டார். கீழே தேதி, அதன் கீழே, குறைந்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள் என்ற ஒரு வரி. அவ்வளவுதான். முதல் வாரத்தில் ஒன்பது பேர் சம்பளச் சீட்டோடு என் மேசைக்கு வந்தார்கள். என் நீண்ட அறிக்கைகளுக்கு ஒருவர்கூட வந்ததில்லை.

சென்ற ஆண்டு சிறுநீரக நோயில் அவர் போய்ச் சேர்ந்தார். நாற்பத்து மூன்று வயது.

பந்தலில் கட்ட ஒரு பதாகை வேண்டுமென்று, அவசரத்தில் ஓரிடத்தில் சொல்லி அடித்தோம். சாயங்காலம் வந்தது. விரித்துப் பார்த்தேன். அண்ணன் பெயரின் முதலெழுத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. அடித்தவரைக் குறை சொல்ல மனமில்லை. அவர் தமிழரல்லர், அனுப்பும்போது சரிபார்க்காதவன் நான். மறுபடி அடிக்க நேரமில்லை.

ஸ்டோரில், மரத்துக்கு எண் போடும் வெள்ளைச் சாயம் இருந்தது. தவறான எழுத்தை அதில் மூடிவிட்டு, காய்ந்ததும் கறுப்பில் நானே எழுதினேன். பக்கத்து வீட்டுப் பையன் விளக்கைப் பிடித்தான். என்னுடையது கிராணிக் கை. கொம்பு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அதையே கட்டினோம்.