சிலம்பின் உள்ளே



சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கற்பின் வெற்றியாகவே நாம் பெரும்பாலும் படித்து வருகிறோம். அதை ஒரு சோதனையாகவும் பார்க்கலாம். தோற்றத்திலே இரு சிலம்புகளும் ஒன்றுபோல இருந்தன. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்துப் பார்த்ததும் உண்மை வெளிப்பட்டது. ஆனால் கோவலன் அதற்கு முன்பே கொலையுண்டுவிட்டான். பொற்கொல்லனின் சொல்லை நம்பிய மன்னன் பொருளைச் சோதிக்கவில்லை. தண்டனைக்குப் பின் வந்த சோதனை நீதியைக் காட்டியது, உயிரை மீட்கவில்லை.

பொருளின் உள்ளே இருப்பதை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டோர் நம் காலத்தில் உள்ளனர். தொல்பொருளையும் நீதிமன்றத்துக்கு வரும் தடயப் பொருளையும் அவர்கள் ஏறக்குறைய ஒரே முறையில்தான் சோதிக்கிறார்கள்.

சோழநாட்டுப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் சிலையொன்று கைமாறி இலண்டன் போய்ச் சேர்ந்தது. 1982இல் கனடிய நிறுவனமொன்று அதை வாங்கியது. அது பத்தூர்ச் சிலைதானா என்பதே வழக்கு. கலை அறிஞரின் சாட்சியம் மட்டும் போதவில்லை. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும், கறையான் ஊர்ந்த தடமும், உலோகமும் ஆராயப்பட்டன. 1988இல் தீர்ப்பு கோயிலின் பக்கம் வந்தது. 1991இல் மேன்முறையீடும் தள்ளுபடியாக, இறைவன் தாயகம் திரும்பினார். நம்மூர்க் கறையானும் இலண்டனில் சாட்சி சொல்லியிருக்கிறது!

இத்துறையில் பெயர் பெற்றவர் பெங்களூரைச் சேர்ந்த சாரதா ஸ்ரீநிவாசன். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பௌதிகம் கற்று, தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பரதநாட்டியக் கலைஞருங்கூட. 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சிலை வார்க்கும் உலோகக் கலவையில் ஈயமும் உண்டு. ஈயத்தின் சமதானிகள் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறு விகிதத்தில் அமைந்திருக்கும். உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. அதைக் கொண்டு ஒரே காலத்துச் சிலைகளை இனங்காணலாம். இம்முறையால் அவர், சோழர் காலத்தவை எனக் கருதப்பட்ட நடராசர் வடிவங்கள் சில பல்லவர் காலத்தவை என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தச் சாட்சி நாம் விரும்புவதைத்தான் சொல்லும் என்பதில்லை. 2018இல் மன்னார் நகரில், சதொச கட்டடம் எழவிருந்த நிலத்தில், முந்நூறுக்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. காணாமற்போன உறவுகளைத் தேடுவோர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தனர். எலும்பு மாதிரிகள் ஆறு, காபன் சோதனைக்காக அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்றன. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என 2019இல் பதில் வந்தது. பலர் அதை ஏற்கவில்லை. மேலும் சோதனை வேண்டுமென்றனர். அப்படிக் கேட்பதும் முறையே. ஒரு சோதனையை மறுக்க இன்னொரு சோதனைதான் வேண்டும். உரத்த குரல் போதாது.

மலையகத்தவராகிய நமக்கு இதில் என்ன? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரிடம் கடதாசிச் சாட்சி கேட்டது. அது இல்லாததால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். காடு வெட்டியவர்களிலும் வழியிலே மாண்டவர்களிலும் எத்தனையோ பேர் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லாமல் மண்ணோடு மண்ணானார்கள். எழுத்து இல்லாத இடத்தில் மண்ணும் எலும்பும் உலோகமுமே மிஞ்சுகின்றன. அவற்றைப் படிக்க இரசாயனமும் பௌதிகமும் வேண்டும். தோட்டப்புறங்களில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் குறைவு. அந்தக் குறை தீரும்வரை நம் வரலாற்றை வேறு யாரோதான் சோதித்துச் சொல்ல வேண்டியிருக்கும். தமிழாசிரியனாகிய நானே என் மாணவரிடம் இரசாயனம் படியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லயத்துப் பரணிலே பாட்டன் கொண்டுவந்த செம்போ, தோட்ட இலக்கம் பொறித்த தகரத் துண்டோ கிடக்கலாம். அதைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். யாருடையது, எங்கே கிடைத்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, அதனுடன் சேர்த்துக் கட்டி வையுங்கள். நாளை படித்து வரும் பேத்திக்கு அந்த அழுக்கும் களிம்புந்தான் வேண்டும்.