ஒரு சொல், இரு உலோகங்கள்

(கோரிமேட்டில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நாம் எல்லோரும் அறிவோம். கும்பகோணத்துக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. அது வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் வேறு உலோகம்; அது நஞ்சு. ஆனால் பேச்சு வழக்கில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்கிறோம். மாணவர்கள் குழம்புவது இங்கேதான்.

இந்தக் குழப்பத்தின் விலையை இங்கிலாந்தும் அறிந்திருந்தது. அங்கே பல நூற்றாண்டுகள் சாப்பாட்டு மேசையில் இருந்தவை பியூட்டர் தட்டுகளும் குவளைகளும். வெள்ளீயத்தோடு சிறிது செம்பு சேர்த்தது உயர்ந்த வகை. மலிவான வகையில் காரீயம் கலந்தார்கள். லண்டன் பியூட்டர் தொழிலாளர் சங்கம் 1348இலேயே கலவைக்கு விதி வகுத்தது. சோதனை எளிமையானது: ஒரே அச்சில் தூய வெள்ளீயத்தையும் சோதிக்க வேண்டிய உலோகத்தையும் வார்த்து எடை பார்ப்பார்கள். எடை கூடினால் காரீயம் கூடுதல் என்று பொருள்.

இது நம் அடர்த்திப் பாடம்தானே! ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் சுமார் 7.3 கிராம், காரீயம் 11.3 கிராம். ஈயச் சொம்பை எடை போட்டு, நீரில் முழுவதும் அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்தால் மாணவர்களே அடர்த்தியைக் கணக்கிடலாம். ஒன்றை மட்டும் மறவாமல் சொல்லுங்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு காரீயம் கலந்தாலும் அடர்த்தி ஏறத்தாழ 7.6 தான் வரும். எனவே சிறு கலப்படத்தை ஆய்வகமே உறுதி செய்ய முடியும்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால்தான் நம் பெண்கள் வெறும் சொம்பை அடுப்பில் வைப்பதில்லை. உள்ளே ரசம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பும் தப்பிக்கும். பியூட்டரும் அடுப்புக்கு வராமல் மேசையோடு நின்றதற்கு இதுவே காரணம்.

புளிப்பான ரசத்தில் காரீயம் கரையும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கற்கும் திறனையே அது குறைக்கும். ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் இந்தக் கோரிமேட்டிலிருந்து நான் கேட்பது இதுதான்: சோதனைக்காகக் கூட மாணவர் கையில் காரீயத்தைக் கொடுக்காதீர்கள். நாளை வகுப்பில் 'ஈயம்' என்ற சொல் வந்தால், "எந்த ஈயம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி மாணவரோடு வீட்டுச் சமையலறைக்கும் போகட்டும்.