ஒளி எழுப்பும் மருந்து

வயலின் ஒரு மூலையிற் களை கண்டால் அம்மூலையில் மாத்திரம் கைவைப்பதே கிண்ணியாக் கமக்காரரின் விவேகமாகும். புற்றுநோய்க்கு நாளத்தில் ஏற்றப்படும் மருந்துகள் பலவற்றுக்கு இவ்விவேகம் இல்லை. அவை உடலெங்கும் பரவி, நோயுற்ற கலங்களோடு நல்ல கலங்களையும் வாட்டுகின்றன, தலைமயிர் உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது. மருந்தை உறங்கும் நிலையில் அனுப்பி, நோயுள்ள இடத்தில் மாத்திரம் எழுப்பும் வழி உண்டா? உண்டு, எழுப்பும் கருவி ஒளியே.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வேட்டபோர்பின் என்னும் கண் மருந்து இதற்குச் சான்று. நுண்ணிய கொழுப்புக் கோளங்களில் அடைக்கப்பட்ட இம்மருந்து கையின் நாளத்தில் ஏற்றப்படும். பின்னர் விழித்திரையின் கீழ்த் தவறாக முளைத்த இரத்தக் குழாய்கள்மீது செந்நிற லேசர் ஒளி பாய்ச்சப்படும். ஒளிபட்ட இடத்தில் மருந்து ஒட்சிசனை உக்கிரமாக்கி, அக்குழாய்களை அடைக்கின்றது. ஆயினும், மருந்து உடலில் எஞ்சியிருக்கும் 5 நாட்களுக்கு நோயாளி வெயிலிற் செல்லலாகாது. கடலை நம்பி வாழும் மீனவருக்கு இஃது எளிய விரதமன்று.

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கரையின் கருமணலுக்கும் இக்கதையில் இடமுண்டு. அம்மணலிலுள்ள இல்மனைற்று, உரூத்தைல் ஆகிய கனியங்கள் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடிக்கு மூலமாகும். வர்ணப்பூச்சுக்கு வெண்மை தரும் இப்பொருள் ஒளிபட்டால் நீரைப் பிரிக்க உதவும் என்பதை யப்பானிய விஞ்ஞானிகளான பூஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் வெளியிட்டனர். பூஜிஷிமாவும் அவருடன் உழைத்தோரும், இதன் துணிக்கைகள் ஊதாக்கடந்த கதிர் பட்டதும் மனிதப் புற்றுக் கலங்களைக் கொல்வதை ஆய்வுகூடத்தில் 1992இற் காட்டினர்.

தடை ஒன்றுண்டு: ஊதாக்கடந்த கதிர் தோலைத் தாண்டி ஆழம் செல்லாது. செந்நிறத்துக்கு அப்பாலுள்ள கதிர்கள் சற்று ஆழம் புகும். ஆகவே அக்கதிர்களை ஏற்று வெப்பமாக்கி, மருந்துறையைத் திறக்கும் பொன் நனோ துணிக்கைகள் ஆராயப்படுகின்றன. நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்தகைய துணிக்கைகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

எனவே, மருந்தின் வலிமை மாத்திரம் நோயாளியைக் காக்காது. உரிய இடத்தில் ஒளியைச் சேர்க்கும் கருவியும், ஏனைய இடங்களில் அதனை விலக்கும் கவனமும் வேண்டும். இவ்விரண்டும் நோயாளியின் ஊருக்கு அண்மையிற் கிட்டும்போதே, உறங்கும் மருந்து உண்மையிற் பயன்தரும் மருந்தாகும்.