சட்டமா? சுற்றறிக்கையா?

தோழர்களே! அமெரிக்காவிலே ஒரு விந்தையைப் பாரீர். 1970-லே அந்நாட்டுக் காங்கிரசு இயற்றிய சட்டம், கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் சேர்த்தது. 2012-லே கொலராடோ மாநில மக்கள், "எம் மண்ணிலே அது குற்றமல்ல" என்று வாக்களித்தனர். கடை திறந்தது, வரியும் வந்தது. மத்தியச் சட்டமோ அசையவில்லை!

கடைக்காரனுக்குக் காவல் எது? சட்டமல்ல, சுற்றறிக்கை! சிறுவர்க்கு விற்பதையும், கொள்ளைக் கும்பலுக்குப் பணம் சேர்வதையும் தடுப்பதே முதல் வேலை என்று 2013-லே துணை அட்டர்னி ஜெனரல் கோல் எழுதினார். 2018 ஜனவரியிலே அட்டர்னி ஜெனரல் செஷன்ஸ் அதை ஒரே பக்கத் தாளில் ரத்து செய்தார். சட்டத்திலே ஓர் எழுத்தும் மாறவில்லை. நேற்றைய வணிகன் தலைமீது மட்டும் வாள்!

கஞ்சாவுக்காக வாதாட வரவில்லை நான். அந்தப் புகை எனக்கு ஆகாது. மன்றம் செய்யவேண்டியதை மந்திரியின் பேனா செய்யலாமா என்பதே என் கேள்வி.

மன்றத்திடம் வலிமை இல்லையா? இருக்கிறது, பணப்பையிலே! மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாச் சட்டங்களைத் தடுக்க நீதித்துறை ஒரு காசும் செலவிடலாகாது என 2014 டிசம்பரிலே காங்கிரசு விதித்தது. மாநில விதிப்படி நடப்போர்மீது அந்தப் பணத்தில் வழக்கு நடத்தலாகாது என்று 2016-லே ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு மன்றமும் தீர்ப்பளித்தது. செஷன்சின் தாளால் அதைத் தொட முடியவில்லை.

ஆனால் அதுவும் மூலச்சட்டத்தின் திருத்தமல்ல. நிதி மசோதாவிலே ஒட்டிய ஒற்றை விதி. மீண்டும் மீண்டும் புதுப்பித்தாக வேண்டும். ஓராண்டு அது விடுபட்டால், நோயாளிக்கு யார் துணை?