ஒத்தை மரத்தில் கடலுக்குப் போக முடியுமா?



"கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு ஏற்றது ஒரு துறைப் படிப்பா, பல துறைப் படிப்பா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்ததுமே, 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்றார். நீங்களும் கைதட்டினீங்க. ஐயா, அது தச்சனுக்குச் சொன்னது. நான் காசிமேட்டுக்காரன். எங்க பக்கம் ஒத்தை மரத்தை வச்சுக்கிட்டு யாருங்க கடலுக்குப் போனாங்க? நாலஞ்சு மரத்தைக் கயித்தால கட்டினாத்தானே கட்டுமரம்! (கைதட்டல்)

ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுங்க. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் தாண்டினால் பொன்னேரி. 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று அங்கே இருக்கிறது. மீன்வள அறிவியல், நாலு வருஷப் பட்டம். "மீனைப் படிக்க ஒரு காலேஜா? உங்கப்பனைக் கேட்டாலே சொல்வானே!" என்பார் பாட்டி. (சிரிப்பு) ஆனால் அந்தப் பிள்ளை மீன் வளர்ப்பு படிக்கணும், மீனுக்கு வரும் நோய் படிக்கணும், தண்ணீரின் வேதியியல், பதப்படுத்துதல், பொறியியல், பொருளாதாரம் எல்லாம் படிக்கணும்.

ரெண்டாவது மாசமே தலை சுத்தும். "எல்லாத்திலும் நுனிப்புல் மேயறேனோ?" என்ற பயம் வரும். எதிரணி நண்பர் சொன்னதும் அதைத்தான். நியாயமான பயம். தனித்தனியாகக் கிடந்தால் மரம் வெறும் விறகு. கட்டக் கயிறு வேணும். எது கயிறு? ஒரே ஒரு கேள்வி!

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே ரெண்டு கப்பல் மோதிக் கடலெல்லாம் எண்ணெய். திருவொற்றியூர் கரையில் நம்ம பிள்ளைங்க வாளியால் அள்ளினாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய். வலையும் படகும் கறுத்துப்போச்சு. இப்ப கேளுங்க: எண்ணெய் ஏன் மிதக்குது? அது இயற்பியல். மீன் செவுளுக்கு என்ன ஆகும்? உயிரியல். மீன் நல்லாவே இருந்தாலும் ஏன் வாங்க ஆள் வரலை? பொருளாதாரம். நஷ்ட ஈடு யார் தரணும்? சட்டம். இதில் எந்த ஒரு துறை தனியாக அந்த மீனவன் வீட்டு உலையை ஏற்றும், சொல்லுங்க!

அதனால், முதலாண்டு சேரும் தம்பி, தங்கச்சிகளா, நாலு விஷயம் சொல்றேன். உன் ஊரிலிருந்து ஒரு கேள்வியை எடு. ஒரு தனி நோட்டில் எழுதிக்கிட்டு எல்லா வகுப்புக்கும் போ. ஒவ்வொரு பாடமும் அதுக்கு என்ன பதில் சொல்லுதுன்னு குறிச்சு வை. ரெண்டாவது, எந்தப் பாடத்துக்குப் பயமோ அதில் முதல் பெஞ்சில் உட்கார். புரியலைன்னு முதல் வாரமே கேள். பரீட்சைக்கு முதல் நாள் கேட்டு லாபமில்லை. மூணாவது, கடல் தெரிஞ்ச பிள்ளையும் கணக்கு தெரிஞ்ச பிள்ளையும் பக்கத்தில் உட்காருங்க. அவன் உனக்கு வாத்தியார், நீ அவனுக்கு வாத்தியார். நாலாவது எதிரணிக்காக: ரெண்டாம் வருஷம் முடிவதற்குள் ஒரு பாடத்தை உடும்புப் பிடியாகப் பிடி. அகலமாகப் பார்த்தவனுக்குத்தான் எங்கே ஆழமாகத் தோண்டணும்னு தெரியும்.

பெற்றோர்களே, வேலை முக்கியம்தான், மறுக்கலை. ஆனால் பிள்ளை வீட்டுக்குள் நுழைஞ்சதும் "இதுக்கு என்ன வேலை கிடைக்கும்?"னு தினமும் கேட்காதீங்க. "இன்னிக்கு என்ன கேள்வி கேட்டே?"ன்னு ஒரு நாள் கேட்டுப் பாருங்க. அந்த முகம் மலருவதைப் பார்ப்பீங்க.

நடுவர் அவர்களே, எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)